குளத்துக்கு வரும் யானையின் காலைப் பாருங்கள்

கலேவெல டவுனில் யாரிடமாவது "மின்னேரியாவுக்கு யானை பார்க்கப் போவோமா" என்று கேட்டுப் பாருங்கள். "யானை பாக்கக் காசு குடுக்கிறதா? எங்கட தோட்டத்துக்கு வாங்க, சும்மாவே பாக்கலாம்" என்று பதில் வரும். பக்கத்தில் நிற்பவர் "அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு" என்று முடித்துவைப்பார். தேநீர்க் கடையில் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துவிட்டது.

தென்னங்கன்று போன வீட்டுக்காரரோடு வாதம் பண்ண நான் வரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு டோர்ச் வெளிச்சத்தில் ஒரு கறுத்த முதுகைக் கண்டு, யானைவெடி கொளுத்திப் போட்டு, விடியும்வரை நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருந்தவரிடம் போய் யானையை ரசியுங்கள் என்றால் அடிக்கத்தான் வருவார். அவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அவர் கண்டது முதுகை மட்டும். பகலில் யானை எப்படிப் பிழைக்கிறது என்று பார்க்க அவருக்கு வாய்க்கவே இல்லை. என் கோபமெல்லாம் மற்றவர்கள்மீது. டவுனில் குடியிருந்துகொண்டு, ஓகஸ்ட் விடுமுறை வந்தால் நுவரெலியாவுக்கு வான் பிடித்து, பூந்தோட்டத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்களே, அவர்கள்மீது.

இவர்களே தொலைக்காட்சியில் கலாபகோஸ் தீவுகளைப் பற்றிப் படம் ஓடினால் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய கரும்பாறை, அதன்மேல் வெயில் காயும் கடல் ஓணான், மனிதர் கிட்டே வந்தாலும் நகராத பறவை. 1835இல் டார்வின் ஐந்து வாரம் சுற்றிய இடம். ஈக்வடோர் கரையிலிருந்து சுமார் ஆயிரம் கிலோமீற்றர் கடலுக்குள் கிடக்கிறது. அற்புதமான இடம்தான், மறுக்கவில்லை. அங்கே வழிகாட்டி இல்லாமல் பூங்காவின் தீவுகளில் கால் வைக்க முடியாது. ஒரு வழிகாட்டிக்குப் பதினாறு பேருக்கு மேல் கூடாது. விலங்கிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளித்தான் நிற்க வேண்டும். இதையெல்லாம் எனக்கு ஒப்பிக்கிற ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். ஆசிய யானைகள் உலகிலேயே மிகப் பெருந்தொகையாகக் கூடுகிற இடமென்று அறியப்பட்டது, அவர் வீட்டு வாசலில் ஓடும் திருகோணமலை வீதியைப் பிடித்துப் போனால் இரண்டு மணித்தியாலத்துக்குள் வந்துவிடும். அவர் இன்னும் போகவில்லை.

சரி, எப்படிப் போவது என்பதைச் சட்டென்று சொல்லி முடித்துவிடுகிறேன். காலம், ஜூலை முதல் ஒக்டோபர் வரை. ஓகஸ்ட், செப்டெம்பர் உச்சம். இடம் மூன்று. தம்புள்ளை தாண்டி ஹபரணை போனால் அங்கிருந்து மின்னேரியா, கவுடுல்ல. முன்னது 1997இல் தேசிய பூங்கா ஆனது, பின்னது 2002இல். மூன்றாவது, தேவஹுவப் பக்கமாக வடக்கே போனால் கலாவெவ. நேரம், பின்னேரம். இரண்டரைக்கு உள்ளே போனால் போதும். வெயில் தணியத்தான் யானை காட்டுக்குள்ளிருந்து இறங்கும். ஆறு மணிக்கு வெளியே வந்துவிட வேண்டும். ஜீப் ஆறு பேருக்கு. உள்ளூர் ஆளுக்கு நுழைவுச்சீட்டு வெளிநாட்டாரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. செலவெல்லாம் ஜீப்புக்குத்தான், அதையும் ஆறாகப் பிரியுங்கள். பைனாகுலர் இருந்தால் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள். மங்கிய நிறச் சட்டை, தொப்பி, தண்ணீர்ப் போத்தல். அடிப்படை இவ்வளவுதான். இதை எழுதுவதற்கே பல பத்திரிகைகள் நான்கு பக்கம் செலவழிக்கின்றன.

இனித்தான் விஷயம். மின்னேரியாவைப் பற்றி நீங்கள் படித்த கட்டுரைகள் அத்தனையிலும் ஒரே வசனம் இருக்கும்: வரட்சிக் காலத்தில் தாகம் தீர்க்க நூற்றுக்கணக்கான யானைகள் குளத்தைத் தேடி வருகின்றன. எழுதியவர்களில் பாதிப்பேர் குளத்தங்கரையில் அரை மணித்தியாலம்கூட இருந்திருக்க மாட்டார்கள் என்று சத்தியம் பண்ணுவேன். யானை அங்கே கூடுவது புல்லுக்காக.

ஒரு யானை தண்ணீர் குடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? துதிக்கையில் ஒரு தடவைக்கு ஏழெட்டு லீற்றர் இழுக்கும். பத்து நிமிடத்தில் தாகம் முடிந்துவிடும். அதற்குக் காட்டுக்குள் இருக்கும் சிறு குளமோ ஓடைப் பள்ளமோ போதும். இருநூறு முந்நூறு யானை ஒரே குளத்தில் பின்னேரம் முழுக்க நிற்பதற்குத் தாகம் காரணமாக முடியாது. வயிறு முடியும். வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு நூற்றைம்பது கிலோ அளவில் தீனி வேண்டும். ஒரு நாளின் பெரும்பகுதி தின்பதிலேயே கழிகிறது. ஓகஸ்டில் நம் பக்கத்துக் காட்டுக்குள் போய்ப் பாருங்கள்: நிழல் இருக்கிறது, மரம் இருக்கிறது, யானைக்குத் தின்ன அதிகம் இல்லை. வயதான அடர்காடு யானைக்குப் பெரிய சாப்பாட்டுக் கடை இல்லை. அதற்கு வேண்டியது புல்வெளியும் பற்றைக்காடும்.

அந்தப் புல்லை யார் வளர்க்கிறார்? நாம்தான். இதைச் சொன்னால் எவரும் நம்புவதில்லை. மாரி மழையில் குளம் நிறைகிறது. சிறுபோகத்துக்கு விவசாயிகள் துருசு திறக்கிறார்கள். வயலுக்குத் தண்ணீர் போகப் போக மட்டம் இறங்குகிறது, அலைகரை வெளியே தெரிகிறது. மாதக்கணக்கில் தண்ணீருக்கடியில் கிடந்த சேற்றில் வெயில் பட்டதும் இளம்புல் முளைக்கிறது, சுற்றியுள்ள காடெல்லாம் காய்ந்து கிடக்கிற அதே வேளையில். மின்னேரியாக் குளத்தைக் கட்டியவன் மகாசேனன், கலாவெவவைக் கட்டியவன் தாதுசேனன். மூன்றாம் நூற்றாண்டிலும் ஐந்தாம் நூற்றாண்டிலும் நெல்லுக்காகத் தேக்கிய தண்ணீர், இறங்கும்போது யானைக்குப் புல் போடுகிறது. காட்டு யானை காட்டு யானை என்கிறோம். அது மேய்வது அரசன் வெட்டி விவசாயி வடிக்கிற குளத்தின் அடியில்!

இன்னொன்றும் கவனியுங்கள். தண்ணீர் கடைசியாக விட்டுப்போன இடத்தில்தான் புல் மிக இளசு. அதனால் யானைக்கூட்டம் நீர்விளிம்பை ஒட்டியே நிற்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தண்ணீருக்கு வந்ததுபோலத் தெரியும். அந்த ஒரு தோற்ற மயக்கத்தில்தான் அத்தனை கட்டுரையும் பிறந்தது. வாரம்தோறும் மட்டம் இறங்க இறங்க, மேய்கிற வரிசையும் விளிம்போடு சேர்ந்து நகர்கிறது.

இது தெரிந்தால் பார்க்கிற பார்வையே மாறும். தண்ணீருக்கு வருகிற யானை நேராக வரும். நடையில் ஒரு அவசரம் இருக்கும், குட்டிகள் ஓட்டமும் நடையுமாகத் தொடரும், குடிக்கும், குளிக்கும், சேறு பூசும், போய்விடும். இளைஞர்கள் கமராவைத் தூக்கிக்கொண்டு இதற்குத்தான் அலைகிறார்கள்: தெறிக்கிற நீர், நீரில் நிழல், பின்னால் சூரியன். அழகுதான், இரண்டு நிமிட அழகு. புல்லுக்கு வருகிற யானை தலையைத் தாழ்த்தி, வளைந்து வளைந்து, எங்கும் போக வேண்டிய தேவை இல்லாததுபோல வரும். அதன் காலைப் பாருங்கள். தயவுசெய்து முகத்தை விட்டுவிட்டு முன்னங்காலைப் பாருங்கள்.

குட்டைப் புல்லைத் துதிக்கையால் மட்டும் பிடுங்க முடியாது. அதனால் யானை முன்னங்காலை மெல்ல ஆட்டி, நகங்களால் புல்லின் அடியைத் தட்டும். ஒரு தட்டு, இரண்டு தட்டு, வேர் இளகும். துதிக்கை நுனி அதைக் கூட்டிச் சேர்க்கும். ஆசிய யானைக்குத் துதிக்கை நுனியில் விரல்போல ஒன்றுதான். ஆபிரிக்க யானைக்கு இரண்டு. நம் யானை அதனால் சுருட்டிப் பிடித்துத்தான் எடுக்கும். எடுத்த கட்டை உடனே வாயில் போடாது. தன் காலிலேயே சட் சட் என்று அடித்து மண்ணை உதறும். மண் போகாவிட்டால் இன்னொரு அடி. பிறகுதான் வாய். மண் பல்லைத் தேய்க்கும், பல் தேய்ந்தால் ஆயுள் குறையும். யானைக்கு வாழ்நாளில் ஆறு தொகுதிக் கடைவாய்ப் பற்கள், கடைசித் தொகுதி தேய்ந்தபின் வேறு கிடையாது. அந்த உதறலில் எவ்வளவு கணக்கு இருக்கிறது பாருங்கள்.

எஞ்சினை நிறுத்திவிட்டால் இந்த உதறல் காதிலும் விழும். முப்பது யானை ஒரே நேரத்தில் மேயும்போது அந்தத் தட்டலும் பிடுங்கலும் உதறலும் சேர்ந்து ஒரு தாளம் வரும். அதைக் கேட்டவர் யாரும் திரும்பி வந்து "எத்தனை யானை" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டார். எத்தனை யானை பார்த்தீர்கள் என்பது மேம்போக்கான கேள்வி. அதைக் கேட்பவரிடம் என்ன தின்றன என்று திருப்பிக் கேளுங்கள்.

குட்டியைப் பாருங்கள். ஒரு வயதுக்குக் குறைந்தது தாயின் வயிற்றுக்கடியில் நுழைந்து போகும், அதுதான் வயது பார்க்கிற கணக்கு. பிறந்து சில மாதம் வரை துதிக்கையை என்ன செய்வதென்றே அதற்குத் தெரியாது, சுழற்றும், மிதிக்கும். புல்லைத் தட்டும் அசைவைப் பார்த்துப் பழகும். கால் ஒரு பக்கம் துதிக்கை ஒரு பக்கம் போகும். சில வேளை தாயின் வாய்க்குள்ளேயே துதிக்கையை விட்டு அவள் தின்பதை எடுத்துப் பார்க்கும். இந்த ஒரு காட்சிக்காக நான் ஒரு பின்னேரம் முழுக்கக் காத்திருக்கத் தயார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூட்டம் என்பது தாய், சகோதரி, மகள், குட்டிகள். ஆண்கள் வளர்ந்ததும் விலகிவிடும். அலைகரையில் நூறு யானை நின்றாலும் அது ஒரு கூட்டமில்லை, பல குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்தில் மேய்கின்றன. இடைவெளியைப் பார்த்தால் பிரிக்கலாம். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர் வழிந்த கறை இருந்தால் அந்த ஆணுக்கு வழி விடுங்கள். அத்தனையும் திடீரென்று மேய்ச்சலை நிறுத்தி அசையாமல் நின்றால் நீங்களும் வாயை மூடுங்கள், அவை எதையோ கேட்கின்றன. மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் யானைகள் பேசுகின்றன என்பதை 1984இல் அமெரிக்காவில் ஒரு மிருகக்காட்சிசாலையில் ஆசிய யானைகளுக்குப் பக்கத்தில் நின்ற கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் முதலில் உணர்ந்தது காதால்கூட இல்லை, காற்றில் ஒரு துடிப்பாக. காலடியில் உண்ணிக்கொக்குகள் நிற்கும். யானை கிளப்புகிற பூச்சிக்காக அவை வருகின்றன. அவையும் புல் பக்கம்தான்!

இப்போது கொம்பன் மோகம். கலாவெவ என்றால் கொம்பன், கொம்பன் இல்லாவிட்டால் பயணம் வீண் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. இலங்கையில் ஆண் யானைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கொம்பே கிடையாது. 2011 கணக்கெடுப்பில் 5,879 யானைகளில் கொம்பன் 122. அபூர்வம்தான், அதனால் என்ன? பெயர் வைத்து, ரசிகர் மன்றம் நடத்தி, அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று அன்றன்றைக்கு ஃபேஸ்புக்கில் போட்டு, ஊருக்கே வழிகாட்டுகிறார்கள். கல்கமுவையில் குறுக்குக் கொம்போடு திரிந்த பேர்பெற்ற யானையை 2017 கடைசியில் கொன்றுவிட்டார்கள். கொம்பனுக்குப் புகழ் பாதுகாப்பா என்று இவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். யாலையில் சிறுத்தைக்குப் பின்னால் ஜீப் வரிசை கட்டி நிற்கிற நோய்தான் இங்கே கொம்பனுக்குப் பின்னால் வந்திருக்கிறது. கொம்பனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களிடம் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டால் "நின்றது" என்பார்கள்.

கண்ணீர்க் கட்சி ஒன்றும் உண்டு. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் ரயில் மோதி ஆறு யானைகள் செத்தபோது நாடே அழுதது, நானும்தான். ஆனால் அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் உயிரோடு ஒரு யானைக் குடும்பத்தை ஒரு மணித்தியாலம் பொறுமையாகப் பார்த்திருக்கிறார்கள்? யானை அழுகிறது, யானை சிரிக்கிறது, யானை மன்னிக்கிறது என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. முதலில் அது தின்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வழிகாட்டி பற்றி. ஹபரணையில் பெரும்பாலும் ஜீப் சாரதிதான் வழிகாட்டி. நல்ல சாரதி யார் என்று கண்டுபிடிப்பது சுலபம்: மற்ற ஜீப்புகள் போகிற பக்கம் போகாதவர், எஞ்சினைத் தானாகவே நிறுத்துகிறவர், யானைக்கும் காட்டுக்கும் நடுவே வண்டியை விடாதவர். கெட்ட சாரதியை உருவாக்குவது நாம்தான். "இன்னும் கிட்டப் போங்க" என்று பின்னாலிருந்து கத்துகிறோம், அவர் சந்தோஷத்துக்கு விடுகிறார். கலாபகோஸில் இரண்டு மீற்றர், பதினாறு பேர் என்ற ஒழுங்கை மெச்சுகிற நாமே மின்னேரியாவில் ஒரு குடும்பத்தைச் சுற்றி முப்பது ஜீப் நிற்பதைப் பார்த்து, இன்னொன்றாக நுழைகிறோம். யானை தலையை ஆட்டி, காதை விரித்து, முன்காலை வீசிக்கொண்டு நின்றால் அது போஸ் கொடுக்கவில்லை. ஏறும்போதே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்: "ஐயே, எஞ்சின் ஓஃப் கரன்ன, மெதன டிக்கக் இம்மு" (அண்ணே, எஞ்சினை நிறுத்துங்க, இங்கே கொஞ்சம் இருப்போம்). இந்த ஒரு வசனத்துக்கு அவர் முகம் மலர்வதைப் பார்க்கலாம். ஒரே இடத்தில் நிற்கச் சொல்கிற வாடிக்கையாளர் அவருக்கு டீசல் மிச்சம்.

இனிமேல் சொல்லப்போவது கொஞ்சம் நமக்குள். நான் போவதற்கு முன் யானை வந்துவிட்டதா என்று யாரிடமும் விசாரிப்பதில்லை. அலைகரை தெரிகிறதா என்று கேட்பேன். ஏனென்றால் இப்போது தெரியாத வருடங்களும் வருகின்றன. நம் மாத்தளை மாவட்டத்திலேயே அம்பன் கங்கையை மறித்து மொரகஹகந்த கட்டி 2018 தொடக்கத்தில் திறந்தார்கள். அந்தத் தண்ணீர் மின்னேரியாவுக்கும் போகிறது. விவசாயிக்கு நல்லது, அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் வரட்சியிலும் குளம் நிறைந்து நின்றால் அலைகரை தண்ணீருக்கடியில், புல்லும் தண்ணீருக்கடியில். அப்படியான வருடங்களில் மின்னேரியாவுக்கு வந்த யானை கரையைப் பார்த்துவிட்டுக் கவுடுல்லப் பக்கம் போகிறது, இல்லையென்றால் வயல் பக்கம். தாகத்துக்குத்தான் யானை வருகிறது என்று இன்னும் எழுதிக்கொண்டிருப்பவர்கள் இதை எப்படி விளக்குவார்கள்? குளம் நிறைய நிறைய யானை சந்தோஷப்பட வேண்டுமே! வண்டி வண்டியாகத் தண்ணீர் இருக்க, யானை மெலிகிறது. புல்லா தண்ணீரா என்று நான் தொல்லை கொடுப்பது வீண் வாதமென்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எந்த மாதத்தில் எவ்வளவு மட்டம் என்று துருசுக்காரரும் வனஜீவராசிகள் திணைக்களமும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. தோட்டத்தில் தென்னங்கன்று போன அந்த வீட்டுக்காரருக்கும் இதில் பங்கு உண்டு. புல் கிடைக்காத யானை எங்கே வரும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

போன வருடம் எங்கள் பக்கத்து வயல்காரர் ஒருவரை, கெஞ்சாத குறையாக, கலாவெவவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் காசைப் பற்றியே முணுமுணுத்தார். அலைகரையில் ஜீப் நின்றதும் இறங்கக் கூடாது என்று சொல்லியும் கதவால் எட்டிக் குனிந்து சேற்றைப் பார்த்தார். "தண்ணி விட்டுப் பத்து நாள் இருக்கும். அந்த மூலை இன்னும் ஈரம், அங்கதான் புல்லு நல்லம்" என்றார். சாரதி கொம்பன் நிற்பதாக வேறு பக்கம் திருப்பப் பார்த்தார். நான் விடவில்லை. நாலரை மணிக்கு அந்த மூலைக்குத்தான் பதினெட்டு யானை இறங்கின, ஒரு குட்டி உட்பட. வெளிநாட்டு ஜீப்புகள் எல்லாம் கொம்பனோடு அக்கரையில். வயல்காரர் வாய் திறக்கவில்லை. திரும்பும்போது மட்டும், யானை மண்ணை உதறுகிற விதம் நாற்றுக் கட்டை உதறுகிற மாதிரி இருக்கிறது என்றார். நான் இவ்வளவு காலமாகப் பார்த்தும் எனக்கு அது தோன்றியதில்லை.

எங்கள் ஊர் ஆட்களைத்தான் கூட்டிப்போக வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான். குளம் தெரிந்தவனுக்கு யானை பாதி தெரியும். லண்டனிலிருந்து வருகிறவருக்குத் துருசு என்றால் என்னவென்று விளக்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். செப்டெம்பர் நடுவில் மறுபடி ஒரு ஜீப் எடுக்க இருக்கிறோம், இதுவரை நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள். கலாபகோஸ்காரரிடமும் கேட்டிருக்கிறேன், வான் வாடகையோடு ஒப்பிட்டுக் கணக்குப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். வருகிறவர்கள் செல்ஃபோனில் பாட்டுப் போடக்கூடாது, பிஸ்கட் பக்கற்றை யானைக்கு நீட்டக்கூடாது, இடது பக்க முன் ஆசனத்தைக் கேட்கக்கூடாது. அது வயல்காரருக்கு.